இரண்டு சதவீதமும் கால் சதவீதமும்

அமெரிக்க ஜனாதிபதிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர்கள்கூட லிங்கனைத் தாண்டியதும் தடுமாறுவார்கள். கிராண்ட், ஹேய்ஸ், கார்ஃபீல்ட், ஆர்தர், கிளீவ்லாண்ட், ஹாரிசன், மறுபடியும் அதே கிளீவ்லாண்ட், பிறகு மெக்கின்லி. தாடியும் கிருதாவும் மீசையுமாக இருக்கும் அந்தப் படங்களில் யார் எவர் என்று அமெரிக்கர்களுக்கே குழப்பம்தான்.

ஆனால் இவர்கள் ஆண்ட 1869 முதல் 1901 வரையிலான காலத்தில்தான் அந்த நாடு தலைகீழாக மாறியது. 1869 மே 10 அன்று யூட்டாவில் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுக்கொண்டு வந்த ரயில் பாதைகள் இணைந்தன. உள்நாட்டுப் போர் முடிந்தபோது சுமார் 35,000 மைலாக இருந்த ரயில் பாதை, நூற்றாண்டு முடிவதற்குள் 1,90,000 மைலைத் தாண்டிவிட்டது. கார்னெகியின் எஃகு, ராக்ஃபெல்லரின் எண்ணெய், மார்கனின் வங்கி எல்லாம் இந்தக் காலத்தில் எழுந்தவை. முதலாளிகளின் பெயர் நின்றது, ஜனாதிபதிகளின் பெயர் மங்கிவிட்டது.

ஜனாதிபதிகள் எல்லோரும் சோப்ளாங்கிகள், முதலாளிகள் சொன்னபடி ஆடினார்கள் என்று இதற்கு ஒரு சுருக்கமான பதில் உண்டு. எனக்கு அதில் திருப்தி இல்லை. அவர்களில் சிலர் நல்ல முதுகெலும்பு உள்ளவர்கள். வேறொரு கேள்வியைக் கேட்டால் அந்தக் காலம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும் என்று நினைக்கிறேன்: கட்சி நடத்த யார் பணம் கொடுத்தார்கள்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சற்று நீளமான கதை.

அன்றைய தேர்தல் எப்படி நடந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். அரசு அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குச்சீட்டு அப்போது கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களின் பெயரை மட்டும் போட்டு, தன் செலவில் சீட்டு அச்சடித்து, வாக்குச்சாவடி வாசலில் ஆள் நிறுத்தி விநியோகிக்கும். நிறமும் அளவும் கட்சிக்குக் கட்சி வேறு. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுகிறவர் யாருக்குப் போடுகிறார் என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். காசு கொடுத்தவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? இதோடு தீவட்டி ஊர்வலம், பேண்டு வாத்தியம், ஊர் ஊராகப் பேச்சாளர்கள். தகுதியுள்ள ஆண்களில் நூற்றுக்கு எண்பது பேர் வாக்களித்த காலம். தெற்கில் கறுப்பின மக்களை மிரட்டியும் அடித்தும் வாக்குச்சாவடிக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்பதைப் படிக்க வேண்டும்.

போட்டியோ நூலிழை. 1876இல் ஜனநாயகக் கட்சியின் டில்டன் இரண்டரை லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் ஜனாதிபதி யார் என்று முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் 20 யாருக்கு என்று தகராறு. 15 பேர் கொண்ட ஆணையம் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் எல்லாவற்றையும் குடியரசுக் கட்சியின் ஹேய்ஸுக்குக் கொடுக்க, 185-க்கு 184 என்று அவர் ஜனாதிபதியானார். 1880இல் நாடு முழுவதும் சேர்த்து கார்ஃபீல்டுக்குக் கிடைத்த கூடுதல் வாக்குகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. 1884இல் நியூயார்க் மாநிலத்தில் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள் இந்தப் பக்கம் சாய்ந்ததால் கிளீவ்லாண்ட் ஜெயித்தார். வடக்கே பெரும்பாலான மாநிலங்களும் தெற்கு முழுவதும் யாருக்கு என்று முன்கூட்டியே தெரியும். நியூயார்க்கும் இண்டியானாவும்தான் ஊசலாடும். அந்த இரண்டு இடத்திலும் பணம் தண்ணீராக ஓடியது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அரசு ஊழியரின் சம்பளத்திலிருந்து.

மத்திய அரசின் வேலைகள் 1880களின் தொடக்கத்தில் லட்சத்துக்கும் மேல். தபால் நிலையம், சுங்கம், ஓய்வூதிய அலுவலகம், நில அலுவலகம் எல்லாமே வென்ற கட்சி தன் ஆட்களுக்குக் கொடுத்த வேலைகள். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்திலிருந்தே இது வழக்கம். வென்றவனுக்கே கொள்ளைப் பொருள் என்று 1832இல் நியூயார்க் செனட்டர் மார்சி சபையிலேயே கூச்சமில்லாமல் சொன்னார். வேலை கிடைத்தவர் சும்மா இருக்க முடியாது. தேர்தல் வந்தால் கட்சியிலிருந்து கடிதம் வரும். 1882இல் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் குழுத் தலைவர் ஜே ஹப்பெல் மத்திய அரசு ஊழியர்களுக்கு அனுப்பிய கடிதம் பிரபலமானது. ஆண்டுச் சம்பளத்தில் இரண்டு சதவீதம். விருப்பப்பட்டுத் தரும் நன்கொடைதான் என்று கடிதம் சொல்லும். தராதவருடைய பெயர் எங்கே போகும் என்பது ஊழியருக்குத் தெரியும்.

இந்த ஏற்பாட்டின் மகுடம் நியூயார்க் துறைமுகத்தின் சுங்க அலுவலகம். வருமான வரி இல்லாத நாட்டில் அரசின் வருவாயில் பாதிக்கு மேல் இறக்குமதி வரியிலிருந்து வந்தது. அந்த இறக்குமதி வரியில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நியூயார்க்கில் வசூலானது. ஆயிரம் பேருக்கு வேலை. அந்த ஆயிரம் பேருக்கும் தலைமை, கலெக்டர். 1871 முதல் 1878 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் செஸ்டர் ஆர்தர். நல்ல உடை, நல்ல சாப்பாடு, நள்ளிரவு தாண்டியும் நண்பர்களோடு அரட்டை, மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அலுவலகம். நேரடியாக லஞ்சம் வாங்கினார் என்று யாரும் நிரூபித்ததில்லை, வாங்க வேண்டிய தேவையும் இல்லை. சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டிய வணிகருக்கு விதிக்கும் அபராதத்தில் அதிகாரிகளுக்கும் சட்டப்படியே பங்கு உண்டு. ஃபெல்ப்ஸ் டாட்ஜ் என்ற உலோக வணிக நிறுவனம் இப்படி ஒரு வழக்கைத் தீர்க்க 2,71,000 டாலர் கட்டியது. அரசுக்கு உண்மையில் குறைந்த வரி இரண்டாயிரம் டாலர்கூடத் தேறாது. 1874இல் இந்தப் பங்கு முறை ஒழியும்வரை ஆர்தரின் ஆண்டு வருமானம் 50,000 டாலர். ஜனாதிபதியின் சம்பளமே 1873 வரை 25,000தான்.

ஆர்தருக்கு மேலே ஒருவர் இருந்தார்: நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்க்ளிங். ஆறடிக்கு மேல் உயரம், நெற்றியில் ஒரு சுருட்டை முடி, நாக்கில் விஷம். சுங்க அலுவலகத்தில் யாருக்கு வேலை என்பதை அவர் முடிவு செய்வார். அந்த வேலைக்காரர்கள் தரும் பணத்தாலும் உழைப்பாலும் அவர் கட்சியை நடத்துவார், கட்சி அவரை செனட்டுக்கு அனுப்பும். அப்போது செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன என்பதை நினைவில் வையுங்கள். வட்டம் எங்கேயும் வெட்டுப்படாது.

ஹேய்ஸ் இந்த வட்டத்தை உடைக்கப் பார்த்தார். 1877இல் ஆர்தருக்குப் பதிலாகத் தியோடர் ரூஸ்வெல்ட் என்ற நியூயார்க் பிரமுகரைக் கலெக்டராக நியமித்தார். பிற்பாடு ஜனாதிபதியான ரூஸ்வெல்ட்டின் அப்பா. காங்க்ளிங் செனட்டில் அந்த நியமனத்தைத் தோற்கடித்தார். இரண்டு மாதத்தில் அப்பா ரூஸ்வெல்ட் நோயில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது வயது 19, ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தார். மறு ஆண்டு செனட் விடுமுறையில் இருந்த நேரம் பார்த்து ஹேய்ஸ் ஆர்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

1880இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் காங்க்ளிங் கோஷ்டி கிராண்டை மூன்றாவது முறை நிறுத்தப் பார்த்தது. எதிர் கோஷ்டிக்கு பிளெய்ன் தலைவர். 36 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு யாரும் எதிர்பாராத ஒஹையோக்காரர் கார்ஃபீல்ட் வேட்பாளரானார். நியூயார்க்கைச் சமாதானப்படுத்தத் துணை ஜனாதிபதி இடத்தை ஆர்தருக்குக் கொடுத்தார்கள். சுங்க அலுவலகத்திலிருந்து துரத்தப்பட்டவர் இரண்டு வருஷத்தில் நாட்டின் இரண்டாவது நாற்காலிக்கு வந்தார். தேர்தல் முடிந்ததும் டெல்மோனிக்கோ உணவகத்தில் நடந்த விருந்தில் ஆர்தர் எழுந்து, இண்டியானாவை எப்படி ஜெயித்தோம் என்று நமுட்டுச் சிரிப்போடு ஆரம்பிக்க, கூட்டம் ‘சோப்பு, சோப்பு’ என்று கத்தியது. கட்சிக்காரர்களிடையே பணத்துக்கு அதுதான் குழூஉக்குறி. பத்திரிகையாளர்களும் அந்த விருந்தில் இருந்தார்கள்.

பதவிக்கு வந்த கார்ஃபீல்ட் சுங்க அலுவலகத்துக்குக் காங்க்ளிங்கின் எதிரி ஒருவரைக் கலெக்டராக நியமித்தார். கோபத்தில் காங்க்ளிங் 1881 மே மாதம் செனட்டர் பதவியைத் தூக்கி எறிந்தார். கூடவே நியூயார்க்கின் இன்னொரு செனட்டர் டாம் பிளாட்டும் ராஜினாமா செய்தார். அல்பனியில் சட்டமன்றம் தங்களைத் திரும்பத் தேர்ந்தெடுத்துக் கம்பீரமாக அனுப்பி வைக்கும் என்பது கணக்கு. சட்டமன்றம் அனுப்பவில்லை. பிளாட்டின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் மறுபடி வருவார்.

இந்தச் சண்டையை நாள்தோறும் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்தவர்களில் சார்ல்ஸ் கீட்டோ ஒருவர். வக்கீல், சாமியார், கடன்காரர், மனநிலை பிறழ்ந்தவர். கார்ஃபீல்டை ஆதரித்து ஒரு பேச்சை எழுதி அச்சடித்து வைத்திருந்தார். அந்தப் பேச்சால்தான் கார்ஃபீல்ட் வென்றார் என்றும், பதிலுக்குப் பாரிஸில் தூதரகப் பதவி தனக்கு வரவேண்டும் என்றும் நம்பினார். வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் மாதக் கணக்கில் நடையாய் நடந்தார். இதில் விசித்திரம் என்னவென்றால் அவர் ஒருவர் மட்டும் அப்படி நடக்கவில்லை. வேலை கேட்டு வந்தவர்கள் மாளிகையின் படிக்கட்டுவரை வரிசையில் நின்ற நாட்கள் அவை. பைத்தியத்தின் தர்க்கமும் கட்சியின் தர்க்கமும் ஒன்றாக இருந்தன. 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் கார்ஃபீல்டைச் சுட்டார். தான் காங்க்ளிங் கோஷ்டிக்காரன் என்றும் இனி ஆர்தர்தான் ஜனாதிபதி என்றும் அங்கேயே அறிவித்தார்.

குண்டு கார்ஃபீல்டை உடனே கொல்லவில்லை. டாக்டர்கள் கழுவாத விரலால் குண்டைத் தேடித் தேடிப் புண்ணைச் சீழாக்கினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் உலோகம் காணும் கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். அதுவும் பலிக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார்.

ஆர்தர் ஜனாதிபதி என்றதும் நாடே தலையில் கை வைத்துக்கொண்டது. கார்ஃபீல்ட் இறக்கும் முன்பே அவருக்கு நியூயார்க்கிலிருந்து ஜூலியா சாண்ட் என்ற பெண் கடிதம் எழுதினார். முப்பது வயதைத் தாண்டியவர், நோயால் வீட்டோடு முடங்கியவர், முன்பின் தெரியாதவர். மக்கள் அழுவது கார்ஃபீல்ட் சாகிறார் என்பதைவிட நீங்கள் வரப்போகிறீர்கள் என்பதற்காக என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மாறிக் காட்டுங்கள் என்றும் எழுதினார். 23 கடிதங்கள். 1882 ஆகஸ்டில் ஒரு மாலை ஜனாதிபதி அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். சாகும் முன் தன் காகிதங்களை எரிக்கச் சொன்ன ஆர்தர் இந்தக் கடிதங்களை மட்டும் வைத்திருந்தார். 1958இல்தான் வெளியே தெரிந்தது. ஒரு கடிதத்தால் ஒருவர் திருந்திவிட்டார் என்று கதை சொல்ல எனக்குத் தயக்கம். ஆனால் ஆர்தர் மாறியது உண்மை. காங்க்ளிங் சொன்னபடி சுங்கக் கலெக்டரை மாற்ற மறுத்தார். 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். வாஷிங்டன் அலுவலகங்களிலும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுங்க, தபால் நிலையங்களிலும் இனிப் போட்டித் தேர்வு. அரசுக் கட்டடத்துக்குள் கட்சிப் பணம் கேட்பது குற்றம். பணம் தராததற்காக வேலையை விட்டு நீக்க முடியாது.

இந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு தூரத்துச் சென்னைத் தொடர்பும் உண்டு. பிரிட்டனில் தேர்வு மூலம் அரசு வேலை என்பதை முன்வைத்த 1854ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய இருவரில் ஒருவர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன். அவர் 1859-60இல் சென்னை மாகாண கவர்னராக இருந்தார். கல்கத்தாவின் வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் திருப்பி அழைக்கப்பட்டவர் அவர்தான். அந்தப் பிரிட்டிஷ் அனுபவத்தை ஆராய ஹேய்ஸ் கேட்டுக்கொள்ள, டார்மன் ஈட்டன் என்ற வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்டில்டன் சட்டத்தின் வரைவிலும் அவர் கை இருந்தது, முதல் தேர்வாணையத்தின் தலைவரும் அவரே.

ஆனால் நல்லெண்ணத்தால் மட்டும் சட்டம் நிறைவேறவில்லை. 1882 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையைப் பறிகொடுத்தது. 1884இல் ஜனாதிபதி பதவியும் போகும் என்ற பயம். போனால் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடுமே, தேர்வுச் சட்டம் இருந்தால் இருக்கிறவர்கள் இருக்கட்டும். வெளியே போகவிருந்த அதே காங்கிரஸ்தான் அவசர அவசரமாக இதை நிறைவேற்றியது. செனட்டில் 38-க்கு 5. வாக்களிக்கவே வராதவர்கள் 33 பேர்! சட்டம் கொண்டுவந்த பெண்டில்டன் ஒஹையோவின் ஜனநாயகக் கட்சிக்காரர். நம் ஆட்சி வரப்போகிற நேரத்தில் வேலையைப் பூட்டி வைத்துவிட்டாரே என்று சொந்தக் கட்சியே அவருக்கு மறுபடி செனட் இடம் தரவில்லை.

சட்டம் முதலில் தொட்டது பத்தில் ஒரு பங்கு வேலைகளை. ஆனால் ஜனாதிபதி ஒரு உத்தரவு போட்டுப் பட்டியலை நீட்டலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது. கிளீவ்லாண்ட் போகும்போது தன் ஆட்களைக் காப்பாற்றப் பட்டியலை நீட்டினார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே. ஒவ்வொரு தோல்வியும் சீர்திருத்தத்தை ஒரு அடி முன்னே தள்ளியது. கட்சிகளின் சுயநலத்தையே எரிபொருளாக்கிக்கொண்ட சட்டம் என்று இதைச் சொல்லலாம். இதற்காகவே எனக்கு இந்தச் சட்டத்தின் மேல் ஒரு மரியாதை.

சரி, சம்பளப் பணம் மெல்ல வறண்டது. தேர்தல் செலவு குறைந்ததா? இல்லை. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் ஏறும். இங்கே அந்த வாய்க்காலின் பெயர் காப்பு வரி.

காப்பு வரி என்றால் வெளிநாட்டுச் சரக்கின் மேல் போடும் வரி. இங்கிலாந்திலிருந்து வரும் எஃகுத் தண்டவாளத்துக்கு வரி போட்டால் பென்சில்வேனியா ஆலைக்காரர் தன் விலையை உயர்த்தி விற்கலாம். குடியரசுக் கட்சி இதைத் தொழிலாளியின் கூலிக்குக் காவல் என்றது. ஜனநாயகக் கட்சி இதைப் பருத்தி விளைவிக்கும் விவசாயியின் மேல் மறைமுக வரி என்றது. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அரசு கஜானாவிலோ ஆண்டுக்குப் பத்து கோடி டாலர் மிஞ்சிக் கிடந்தது. 1887 டிசம்பரில் கிளீவ்லாண்ட் தன் ஆண்டு உரை முழுவதையும் வரிக் குறைப்புக்கே ஒதுக்கினார். தேர்தல் நெருங்கும் நேரத்தில் இப்படிப் பேச வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. முதுகெலும்பு உள்ளவர்கள் என்று சொன்னேனே, இவர் ஒருவர்.

ஆலை முதலாளிகள் விழித்துக்கொண்டார்கள். அவர்களை அடுப்பில் ஏற்றிக் கொழுப்பை உருக்கி எடுக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சிக்குள் பேச்சு ஓடியது. ஃபிலடெல்ஃபியாவின் பெரிய பல்பொருள் கடைக்காரர் ஜான் வானமேக்கர் தொழிலதிபர்களிடம் வசூலித்துக் கொடுத்தார். தபால் துறை அமைச்சரானார். கட்சித் தலைவர் மாத்யூ குவே அதைக் கணக்காகச் செலவழித்தார். இண்டியானாவில் விலைக்கு வரும் மிதவை வாக்காளர்களை ஐந்தைந்து பேராகக் கட்டி, பணத்தோடு நம்பிக்கையான ஒருவரை ஒவ்வொரு ஐவருக்கும் பொறுப்பாக்குங்கள் என்று கட்சிப் பொருளாளர் டட்லி பெயரில் வந்த கடிதம் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. தேர்தலில் கிளீவ்லாண்டுக்கு 90,000 வாக்குகள் கூடுதல். ஆனால் நியூயார்க்கும் இண்டியானாவும் பெஞ்சமின் ஹாரிசனுக்கு. 233-க்கு 168. ஆண்டவன் அருளால் ஜெயித்தோம் என்று ஹாரிசன் சொல்ல, ஆண்டவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று குவே கடுகடுத்தார்.

ஹாரிசன் அரசு ஒரு வருஷத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றூர்த் தபால் அதிகாரிகளை மாற்றித் தன் ஆட்களைப் போட்டது. பெண்டில்டன் சட்டம் அவர்களைத் தொடவில்லை. பழைய வாய்க்காலும் முழுவதாக மூடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். 1890இல் ஒஹையோ உறுப்பினர் வில்லியம் மெக்கின்லியின் பெயரில் வந்த சட்டம் வரியை ஏறக்குறைய 50 சதவீதத்துக்கு ஏற்றியது. அடுத்த மாதத் தேர்தலில் விலைவாசிக் கோபத்தில் கட்சி மண்ணைக் கவ்வியது, மெக்கின்லியும் தோற்றார். டட்லி கடிதம் நல்லதும் செய்தது: அரசே அச்சிடும் ரகசிய வாக்குச்சீட்டை 1892க்குள் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன.

ஜனநாயகக் கட்சி ஏழைகளின் கட்சியாக இருந்ததா என்று கேட்பீர்கள். கிளீவ்லாண்டைச் சுற்றியும் நியூயார்க் செல்வந்தர்கள் இருந்தார்கள். 1892இல் அவர் திரும்ப வென்றபோது கார்னெகியின் எஃகு நிறுவனத்தை நடத்தி வந்த ஹென்றி ஃப்ரிக் அவருக்கு எழுதினார்: ஹாரிசனை நினைத்தால் வருத்தம்தான், ஆனால் யார் வந்தாலும் நம் தொழிலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஃப்ரிக் நடத்திய ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிலாளர்களுக்கும் பிங்கர்ட்டன் அடியாட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்து ஆட்கள் செத்திருந்தார்கள். 1894இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தை உடைக்க ராணுவத்தை அனுப்பியவர் கிளீவ்லாண்ட். அதற்குத் திட்டம் போட்ட அட்டர்னி ஜெனரல் ஆல்னி ரயில் கம்பெனிகளின் வக்கீலாக இருந்தவர்.

இந்தச் சுகமான ஏற்பாடு 1893 மந்தத்தில் உடைந்தது. காரணம் தங்கமா வெள்ளியா என்ற சண்டை. நாட்டில் சரக்கு பெருகிக்கொண்டே போகிறது, தங்கத்தோடு கட்டிப்போட்ட பணமோ அந்த வேகத்தில் பெருகவில்லை. விலை விழுகிறது. கோதுமை டாலருக்கு விற்றபோது கடன் வாங்கிய கான்சாஸ் விவசாயி, அது அரை டாலருக்கு விழுந்தபோது இரண்டு மடங்கு கோதுமை விற்று அதே கடனைக் கட்ட வேண்டும். வெள்ளியையும் நாணயமாக அடித்தால் பணம் பெருகும், விலை ஏறும், கடன் இளகும் என்பது அவர் நம்பிக்கை. 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு நாணயச் சாலைகளில் வெள்ளியைத் தடையின்றி ஏற்பதை நிறுத்தியது. உலகத்தில் வெள்ளியின் விலை சரிந்தது. நான்கே நாளில் கிளீவ்லாண்ட் காங்கிரஸின் சிறப்புக் கூட்டத்தை அழைத்து, அரசு வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்யச் சொன்னார். 1895இல் கஜானாவில் தங்கம் தீரும் நிலை வந்தபோது மார்கன் முன்னின்று ஆறரைக் கோடி டாலர் தங்கம் ஏற்பாடு செய்தார். லாபத்தோடுதான். நாட்டின் ஜனாதிபதி ஒரு வங்கிக்காரரிடம் கைநீட்டும் காட்சியை மேற்கத்திய விவசாயி மறக்கவில்லை.

1896 ஜூலையில் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், வயது 36, தங்கத்துக்கு எதிராக ஒரு பேச்சு பேசினார். அந்த ஒரே பேச்சில் ஜனநாயகக் கட்சி கிளீவ்லாண்ட் கையிலிருந்து அவர் கைக்குப் போனது. அதோடு கட்சியின் செல்வந்தர்களும் வெளியேறினார்கள். பிரையன் 18,000 மைல் ரயிலில் சுற்றி அறுநூறு பேச்சுகள் பேசினார். எதிரே நின்ற மெக்கின்லி ஒஹையோவின் கேன்டன் ஊரில் தன் வீட்டுத் திண்ணையை விட்டு அசையவில்லை. ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைக்க, ஏழரை லட்சம் பேர் அவரைத் தேடி வந்தார்கள். வந்த குழுவின் தலைவர் என்ன பேசப்போகிறார் என்று முன்கூட்டியே எழுதி வாங்கித் திருத்திக் கொடுத்தார்கள்.

திண்ணைக்குப் பின்னால் இருந்தவர் மார்க் ஹானா. நிலக்கரி, இரும்பு, கப்பல் என்று சம்பாதித்த கிளீவ்லாண்ட் நகரத்துத் தொழிலதிபர். நண்பருக்கு ஜாமீன் போட்டு லட்சம் டாலருக்கு மேல் கடனில் மூழ்கிய மெக்கின்லியை 1893இல் கரையேற்றியவர்களில் அவரும் ஒருவர். பத்திரிகைக் கார்ட்டூன்கள் அவருக்கு டாலர் குறி போட்ட கோட்டு மாட்டிப் பூதம்போல வரைந்தன. ஆள் அப்படியல்ல. சொன்ன சொல் காப்பவர், தொழிற்சங்கத்தோடு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர். அவர் செய்த புதுமை இதுதான்: முதலாளிகளிடம் பிச்சை கேட்பதை நிறுத்தினார். கணக்குப் போட்டார். வங்கி என்றால் மூலதனத்தில் கால் சதவீதம். மற்ற கம்பெனிகளுக்கும் அவரவர் தகுதிக்கு ஏற்ற தொகை. ஸ்டாண்டர்ட் ஆயில் இரண்டரை லட்சம் டாலர், மார்கன் தரப்பிலிருந்து அதே அளவு. கணக்கில் காட்டியது மட்டும் முப்பத்தைந்து லட்சம் டாலர். வாக்களித்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் குறைவாக இருந்த தேர்தலில், அச்சான துண்டுப் பிரசுரங்கள் இருபது கோடியைத் தாண்டின. 1900 தேர்தலில் ஸ்டாண்டர்ட் ஆயில் மறுபடி இரண்டரை லட்சம் அனுப்பியபோது, உங்கள் பங்குக்கு இது அதிகம் என்று ஐம்பதாயிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார் ஹானா.

பதினான்கு வருஷம் முன்னால் ஹப்பெல் எழுதிய கடிதத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே சதவீதக் கணக்கு. குமாஸ்தாவின் சம்பளத்தில் இரண்டு போய், வங்கியின் மூலதனத்தில் கால் வந்தது. கொடுப்பவர் மாறியதும் கட்சிக்குள் எடையும் மாறியது. குமாஸ்தா கட்சியை அண்டியிருந்தார், கட்சி இப்போது வங்கியை அண்டியது. பெண்டில்டன் சட்டம்தான் இதற்குக் காரணம் என்று சொல்வது மிகை. முதலாளிகள் இவ்வளவு பெரிதாக வளர்ந்த நாட்டில் அவர்கள் பணம் எப்படியும் அரசியலுக்குள் வந்திருக்கும். ஆனால் வருகிற நேரத்தில் கட்சியின் பெட்டி பாதி காலியாக இருந்தது.

மெக்கின்லி 271-க்கு 176 என்று ஜெயித்தார். ஊசலாட்டக் காலம் முடிந்தது. அந்தத் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் 79 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1904இல் 65 சதவீதம்தான். தெற்கில் சட்டம் போட்டே கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்தது ஒரு காரணம். வீடு வீடாகப் போய் ஆளை இழுத்துவரும் கட்சித் தொண்டருக்கு வேலை குறைந்துபோனதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது டாம் பிளாட். 1881இல் காங்க்ளிங்கோடு சேர்ந்து ராஜினாமா செய்து ஊர் சிரிக்க நின்றவர். காங்க்ளிங் அரசியலை விட்டு வக்கீல் தொழிலுக்குப் போனார். ஆர்தர் கொடுத்த உச்ச நீதிமன்ற நாற்காலியைக்கூட வேண்டாம் என்றார். பதினான்காவது அரசியல் சட்டத் திருத்தம் கம்பெனிகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது என்று ரயில் கம்பெனிக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். அந்தத் திருத்தத்தை எழுதிய குழுவில் இருந்தவர் அவர். 1888 மார்ச்சில் நியூயார்க்கைப் புதைத்த பனிப்புயலில் வீட்டுக்கு நடந்தே போகத் துணிந்து நோயில் விழுந்து இறந்தார். பிளாட் தங்கினார். பொறுமையாக நியூயார்க் கட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்து 1897இல் செனட்டுக்கும் திரும்பினார். அவருடைய வசூல் பெரும்பாலும் கம்பெனிகளிடம். அந்தக் கம்பெனிகளின் மேல் வரி போட்டார் நியூயார்க் கவர்னராக இருந்த இளைய தியோடர் ரூஸ்வெல்ட். ஆறு ஆண்டு மத்தியத் தேர்வாணையத்தில் இருந்து பெண்டில்டன் சட்டத்தைக் காவல் காத்தவர். ஆளை நியூயார்க்கிலிருந்து கிளப்பினால் போதும் என்று பிளாட் 1900இல் அவரைத் துணை ஜனாதிபதியாக்கினார். அதிகாரமில்லாத பதவி. ஹானா மட்டும், இந்தப் பைத்தியத்துக்கும் ஜனாதிபதி நாற்காலிக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு உயிர் என்று தலையில் அடித்துக்கொண்டார். 1901 செப்டம்பரில் பஃபலோவில் மெக்கின்லி சுடப்பட்டார்.

இருபது வருஷத்தில் இரண்டாவது முறையாக, நியூயார்க் கட்சி இயந்திரம் தன் வசதிக்காகத் துணை ஜனாதிபதியாக்கிய ஒருவரைத் துப்பாக்கி ஜனாதிபதியாக்கியது. ரூஸ்வெல்ட் 1902இல் மார்கனின் ரயில் கூட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். ஏதாவது தவறு என்றால் உங்கள் ஆளை என் ஆளிடம் அனுப்புங்கள், பேசித் தீர்க்கலாம் என்று மார்கன் வாஷிங்டனுக்கே வந்து சொன்னார். 1904இல் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைத்தது. அதே ஆண்டு ரூஸ்வெல்ட்டின் தேர்தல் நிதியில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் கம்பெனிப் பணம். வாங்கினோம், வாங்கிய இடத்தில் ஆள் நிற்கவில்லை என்று ஃப்ரிக் பிற்பாடு புலம்பியதாகச் சொல்வார்கள்.

1905இல் நியூயார்க் சட்டமன்றக் குழு ஒன்று ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கைப் பிரித்தது. விதவைகளும் குமாஸ்தாக்களும் கட்டிய பிரீமியத்திலிருந்து கட்சிக்குப் பணம் போயிருந்தது வெளியே வந்தது. சாட்சிகளிடம் கேள்வி கேட்டவர் குழுவின் வக்கீல் சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ். பதில் சொல்ல வந்தவர்களில் 72 வயது செனட்டர் பிளாட்டும் இருந்தார். ஆமாம், வாங்கினேன் என்றார். 1907இல் கம்பெனிகள் மத்தியத் தேர்தல்களுக்குப் பணம் தரக்கூடாது என்று சட்டம் வந்தது. கம்பெனி முதலாளி தன் சொந்தப் பையிலிருந்து தருவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை.